ஷாப் ஃப்ளோர் கம்ப்யூட்டருக்கு நான் தேர்ந்தெடுத்த மொழி

எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. மூக்கண்டப்பள்ளிப் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான்தான் ஒரே புரோகிராமர். சேர்ந்த முதல் வாரமே பெங்களூருக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்துவிட்டேன். மாநில எல்லையான ஜூஜுவாடியைத் தாண்டிவிட்டால் வாழ்க்கையே வேறு என்று கூடப் படித்தவர்கள் உசுப்பேற்றிக்கொண்டே இருந்தார்கள்.

இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். பெண்கள் ஒவ்வொரு பாகமாகக் கருவியில் வைப்பார்கள்; அளவு சரியென்றால் திரை பச்சை, தப்பென்றால் சிவப்பு. அந்த புரோகிராமை விபி என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதியவர் எங்கள் எலக்ட்ரீஷியன். ஐடிஐ படித்தவர், வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். கஸ்டமர் அளவை மாற்றி டிராயிங் அனுப்பினால், அந்தக் கம்ப்யூட்டரிலேயே இரண்டு எண்ணைத் திருத்தி, டீ ஆறுவதற்குள் ஓடவிட்டுவிடுவார்.

எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். இந்தக் காலத்தில் விபியா? ரஸ்ட் என்ற புது மொழியில் எழுதுகிறேன் என்று மேனேஜரிடம் அடித்துப் பேசினேன். வேகம், பாதுகாப்பு என்று நான் அளந்ததெல்லாம் சும்மா. இன்டர்வியூக்களில் அதைக் கேட்டார்கள், அவ்வளவுதான். மூன்று மாதத்தில் முடித்தேன். எலக்ட்ரீஷியன் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அளவு மாத்தணும்னா எங்க சார் மாத்துறது?" என்று கேட்டார்.

"என்கிட்ட சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். அளவுகள் புரோகிராம் கோடுக்குள்ளேயே இருந்தன. கோடு அந்தக் கம்ப்யூட்டரிலும் இருந்தது; ஆனால் திருத்தினால் அதைக் கம்பைல் செய்து ஓடும் புரோகிராமாக மாற்றும் ஏற்பாடு என் லேப்டாப்பில் மட்டும். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஒரு வியாழக்கிழமை, உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிட்டு பெங்களூருக்கு இன்டர்வியூ போனேன். வெளியே வந்து போனை ஆன் செய்தால் பதினேழு மிஸ்டு கால். திரும்பக் கூப்பிட்டால், கஸ்டமர் அளவை மாற்றியிருந்தாராம். நல்ல பாகமெல்லாம் சிவப்பு காட்டுகிறதாம். பஸ் அத்திப்பள்ளி நெரிசலில் நின்று நின்று நகர்ந்தது. இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

போய்ச் சேரும்போது மணி நான்கு. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, பெண்கள் காலையிலிருந்து கையால் அளந்து பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எலக்ட்ரீஷியனும் வெர்னியர் அளவுகோலோடு அவர்கள் நடுவில் நின்றார்.

"உங்க கோடைத் திறந்து பாத்தேன் சார். ஒரு வரிகூட புடிபடல."

"உங்க பழைய புரோகிராமை நான் அழிச்சிருக்கக் கூடாது" என்று முனகினேன்.

சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்துக் காட்டினார். "இதுல இருக்குது சார்."

"அப்புறம் ஏன் போடல?" கத்தியேவிட்டேன்.

"நீங்க முடியாம படுத்திருக்கீங்க. இந்த நேரத்துல உங்களோடதைத் தூக்கிட்டு என்னோடதைப் போட்டா, மனசு கஷ்டப்படுவீங்கல்ல."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. பென்டிரைவை வாங்கி, கம்ப்யூட்டரை ஆன் செய்து நானே செருகினேன். கை நடுங்கியது. அவர் அதைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். காய்ச்சல் இன்னும் விடல போலிருக்குது."