லயத்துச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு மெட்டல் பேண்ட்

1. விசா

பேண்ட் தொடங்க ஆசைப்படும் தம்பி, தங்கச்சிகள் என்னிடம் முதலில் கேட்பது எந்த கிட்டார் வாங்கலாம் என்பதுதான். உங்கள் டிரம்மர் பாஸ்போர்ட் எடுத்துவிட்டாரா என்று நான் திருப்பிக் கேட்பேன். அவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை. ஹட்டனில் என் சவுண்ட் சர்வீஸ் கடையின் பின்னறையில் பயிற்சி முடிந்து வயர் சுருட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் டிரம்மர் ரொபட் சிம்பலைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"லோகு அண்ணே, விசா வந்திருச்சு. டுபாய்ல ஹோட்டல் பேண்ட். அடுத்த மாசம் போறேன்."

கிட்டார்காரன் சுரேஷ் கையிலிருந்த வயரைக் கீழே போட்டான். "ஏப்ரல் சீசன் ஷோ இருக்கேடா?"

"வேற ஆள் பாருங்க அண்ணே. எனக்கும் ரெண்டு புள்ளைக இருக்கு."

கட்டிப்பிடித்து வாழ்த்து சொன்னேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தேன்.

எங்கள் பேண்டின் பெயர் கவ்வாத்து. தேயிலைச் செடியை அடியோடு ஒட்ட வெட்டித் துளிர்க்க விடுவதற்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வாசிப்பது புரோகிரசிவ் மெட்டல். கிட்டார் இடி மாதிரி இருக்கும், ஆனால் தாளம் நேர் ரோட்டில் போகாது. ஏழு எண்ணி ஒன்றுக்கு வரும், திடீரென்று ஐந்துக்குத் தாவும், ஒரு பாட்டு பத்து நிமிடம் ஓடும். கல்யாண வீட்டில் எங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். சோற்றுக்கு சவுண்ட் சர்வீஸ், மனசுக்கு கவ்வாத்து என்று வாழ்ந்தவன் நான். பேஸ் கிட்டார் என்னுடையது. ஊரே கூடும் நுவரெலியா ஏப்ரல் சீசன் மேடை எங்களுக்கு முதல் தடவையாகக் கிடைத்திருந்தது. அதைத் தவறவிட்டால் பேண்டை மூடிவிடலாம் என்று சுரேஷ் அன்றே சொல்லிவிட்டான். ஐம்பது வயதில் இன்னொரு பேண்ட் தொடங்க எனக்குத் தெம்பு கிடையாது.

2. தூங்க வைக்கிற வேலை

ஆள் தேடினோம். வந்தவர்களில் பாதிப் பேர் எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் பைலா டான்ஸ் தாளத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஒருவர் பாட்டின் நடுவிலேயே போன் எடுத்துப் பேசினார். கடைசியாக வந்தவர் ஸ்டெலா. றொசல்ல பக்கத்துத் தேயிலைத் தோட்டம், முப்பது வயதிருக்கும், ரயிலில் வந்து இறங்கினார். சேர்ச்சில் ஞாயிறு பூசைக்கு டிரம்ஸ் வாசிப்பவர் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

எங்கள் பாட்டுகளிலேயே கஷ்டமான ஏழு தாளப் பாட்டைக் கொடுத்தோம். ஒரு அடி பிசகவில்லை. ஆனால் சத்தம்! சுரேஷின் கிட்டாருக்கு முன்னால் அவர் வாசித்தது ஒன்றுமே கேட்கவில்லை. ரொபட் அடித்தால் தோல் கிழியும், பக்கத்துக் கடைத் தகரம் அதிரும். இவர் குழந்தைக்குத் தட்டிக்கொடுப்பது போல் அடித்தார்.

சுரேஷுக்கு வாய் சும்மா இருக்காது. "எங்களத் தூங்க வைக்கவா வந்தீங்க?"

"ஆமாண்ணே. அதான் என் வேலை" என்றார் ஸ்டெலா.

நிஜமாகவே அதுதான் அவர் வேலை. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். வீடு லயத்தில், தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிய ஒட்டு வரிசையில். பக்கத்து வீட்டுக்கும் இவர் வீட்டுக்கும் ஒரே சுவர். விடியமுன் எழும்பி வேலைக்குப் போகிற சனம் அந்தப் பக்கம் படுத்திருக்கும்போது டிரம்ஸ் அடிக்க முடியுமா? சாக்கில் பழந்துணி அடைத்து, அதில் அடித்துத்தான் மொத்த வித்தையையும் பழகியிருக்கிறார்.

சத்தம்தானே, பழக்கிக்கொள்ளலாம் என்று அவரைச் சேர்த்துக்கொண்டோம்.

3. கிராஷ் எங்கே?

பழக்கிய லட்சணத்தைக் கேளுங்கள். ரொபட்டின் வீடியோக்களைப் போட்டுக் காட்டி, இப்படி அடி, தோளிலிருந்து அடி என்று நச்சரித்தோம். தடித்த குச்சி வாங்கிக் கொடுத்தோம். நான் ஒவ்வொரு டிரம்முக்கும் மைக் வைத்து கெயினை ஏற்றினேன். இரண்டே வாரத்தில் ஸ்டெலாவின் மணிக்கட்டு வீங்கியது. தாளமும் தடுமாறத் தொடங்கியது.

அதைவிட மோசம் எங்கள் பாடு. ஏழு தாளப் பாட்டில் ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ரொபட் கிராஷ் சிம்பலை ஓங்கி ஒரு போடு போடுவான். ஸ்டெலா அந்த இடத்தில் ஒன்றும் அடிப்பதில்லை. ஒரு நாள் அங்கே நான் ஒரு பக்கம், சுரேஷ் ஒரு பக்கம், கீபோர்ட் வாசிக்கிற பிரதீபன் ஒரு பக்கம் என்று போய் விழுந்தோம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "கிராஷ் எங்கம்மா? அது இல்லாம நாங்க எப்படி வர்றது?"

"எண்ணிக்கிட்டு வந்தா தெரியாதாண்ணே?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்களில் எவனும் எண்ணுவதே இல்லை. இத்தனை வருடமும் ரொபட்டின் சிம்பலைப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறோம். அதை ஒத்துக்கொள்ளாமல் சுரேஷ் வேறு திசைக்குப் போனான். "ரொபட் இருந்தா இந்தப் பிரச்சினையே இல்ல" என்றான்.

ஸ்டெலா குச்சிகளைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். "அப்ப டுபாய்க்குப் போன் எடுங்க. பேரு மட்டும் கவ்வாத்து. ஒரு கெளைய வெட்டுனா இப்பிடி அழுவுறீங்க. நான் வேணும்னா எனக்குச் சொல்லி அனுப்புங்க."

ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். ஷோவைக் கைவிட்டுவிடலாம் என்று சுரேஷ் சொன்னான்.

4. சுவரில் கை

அடுத்த ஞாயிறு மத்தியானம் பேஸ் கிட்டாரையும் ஒரு சின்னப் பயிற்சி அம்ப்பையும் தூக்கிக்கொண்டு நான் றொசல்லயில் இறங்கினேன். மன்னிப்புக் கேட்கவா, குச்சியைத் திருப்பி வாங்கவா என்று எனக்கே தெளிவில்லை. ஸ்டெலாவின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் ஓர் அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பெயர் செல்லம்மா, கொழுந்தெடுக்கிறவர்.

"ஸ்டெலாவா? உள்ள அடிச்சிக்கிட்டு இருக்கா."

"ஒண்ணுமே கேக்கலியேக்கா?"

"காதுல கேக்காதுங்க. உள்ள வந்து செவுத்துல கைய வெச்சிப் பாருங்க."

போய் வைத்தேன். உள்ளங்கைக்குள் எங்கள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கிக் அடி தனியாக, ஸ்னேர் அடி தனியாக, ஏழும் ஏழாக, அவ்வளவு சுத்தமாக. முப்பது வருடம் ஸ்பீக்கரோடு வாழ்ந்தவன் நான். எந்த ஸ்பீக்கரும் எனக்கு அப்படிக் காட்டியதில்லை. கையை எடுக்கவே மனசில்லை.

ஸ்டெலாவின் கதவைத் தட்டினேன். என்னையும் அம்ப்பையும் பார்த்துவிட்டு, "இங்க சத்தம் போட ஏலாதுண்ணே" என்றார்.

"தெரியும்மா. நீங்க சாக்குல அடிங்க. நான் அதுக்குக் கீழ வாசிக்கிறேன்."

வாசித்தோம். அவ்வளவு மெல்லிய சத்தத்தில் ஒளிந்துகொள்ள இடமில்லை. எண்ணாவிட்டால் விழுந்துவிடுவோம். வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று முணுமுணுத்துக்கொண்டே வாசித்தேன். என் பேஸ் கிட்டார் உண்மையில் எப்படி ஒலிக்கும் என்பதை அன்றுதான் கேட்டேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அதன் பிறகு ஞாயிறு பயிற்சி முழுவதும் ஸ்டெலாவின் லயத்து வீட்டில்தான். சட்டம் ஒன்றே ஒன்று: செல்லம்மா அக்காவின் மத்தியானத் தூக்கம் கெடக்கூடாது. முதல் நாள் சுரேஷ் முறைத்துக்கொண்டே வந்தான். கட்டிலில் நெருங்கி உட்கார்ந்து, கிட்டாரை அம்ப்பில் கூடச் செருகாமல் வாசித்தான். திரும்பும் ரயிலில், "நான் இத்தன நாளா பாதி நோட்ட விழுங்கியிருக்கேன்ணே" என்றான். ஸ்டெலாவுக்கும் குறை இருந்தது. ஓங்க வேண்டிய இடத்தில்கூட அவருக்குக் கை ஓங்காது. அதற்கு ஹட்டனில் தனியாகப் பயிற்சி வைத்தோம். பாட்டு முழுவதும் ஓங்கி அடிக்க வேண்டாம், ஒரே ஒரு இடத்தில் மட்டும் முழு பலத்தோடு அடித்தால் போதும் என்று முடிவானது. எங்கே என்பதை அவரே தேர்ந்தெடுத்தார்.

5. நுவரெலியா

எங்களுக்குப் பின்னால் பைலா பார்ட்டி. தூறல் வேறு. சனம் கடலை கொறித்துக்கொண்டு அவர்களுக்காகக் காத்திருந்தது. நாங்கள் அந்த ஏழு தாளப் பாட்டை லயத்து வீட்டில் வாசிக்கும் அதே மெல்லிய சத்தத்தில் தொடங்கினோம். மிக்சரில் இருந்த பையன் மைக் செத்துவிட்டதென்று பதறி, சத்தம் கூட்டும் ஃபேடரில் கை வைத்தான். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். முன்வரிசையில் ஒருவர் பேச்சை நிறுத்தினார். பிறகு அவருக்குப் பின்னால் இருந்தவர்கள். என்னதான் வாசிக்கிறார்கள் என்று கழுத்தை நீட்டிச் சனம் மேடைப் பக்கம் நகர்ந்தது.

அப்போதுதான் ஸ்டெலா கிராஷை ஓங்கி அடித்தார். ரொபட் அடிக்கும் இடத்தில் அல்ல, யாரும் எதிர்பார்க்காத ஐந்தாம் அடியில். கடலைச் சுருள்கள் பறந்தன. நாங்கள் மூவரும் சரியாக அங்கே இருந்தோம்.

பாட்டு முடிந்து எழுந்த கைதட்டல் பைலா பார்ட்டிக்குக் கொஞ்சம் எரிச்சலைக் கொடுத்திருக்கும். கொடுக்கட்டும். வீடியோ பார்த்துவிட்டு டுபாயிலிருந்து ரொபட் குரல் பதிவு அனுப்பியிருந்தான். "அண்ணே, நான் இருக்கக்குள்ள உங்க பேஸ் இப்பிடிக் கேக்கலியே" என்றான். சந்தோஷமும் கொஞ்சம் வருத்தமும் கலந்த குரல். அவனை எனக்கு இன்னும் பிடிக்கும்.

ஒருவர் போனால் அவர் அச்சிலேயே இன்னொருவரை வார்க்கப் பார்க்காதீர்கள். வந்தவர் எங்கே, எப்படிப் பழகினார் என்று அவர் வீட்டுக்கே போய்ப் பாருங்கள். மாற வேண்டியது அநேகமாக மிச்சம் இருக்கும் நீங்களாகத்தான் இருக்கும்.

ஷோவுக்கு அடுத்த ஞாயிறும் றொசல்லயில் பயிற்சி வைத்தோம். வெற்றிக் களிப்பில் சுரேஷ் கொஞ்சம் பலமாக இழுத்துவிட்டான். டக் டக்கென்று சுவர் தட்டப்பட்டது. சட்டத்தை மீறிவிட்டோம் என்று அப்படியே நிறுத்தினோம். ஸ்டெலா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செல்லம்மா அக்காவின் குரல் வந்தது.

"ஏன் நிப்பாட்டிட்டீங்க? நான் தாளந்தானே தட்டுனேன், ஏழுல இன்னும் ரெண்டு அடி பாக்கி இருக்குல்ல?"