சித்தப்பாவின் கண்ணும் கம்பெனி பஸ்ஸும்

வண்டியை எடுக்கும் முன் சித்தப்பா முன்கண்ணாடியைத் துடைத்தபடியே நிற்பது இன்றும் என் நினைவில் இருக்கிறது. 1991. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. மண்ணூரிலிருந்து எங்களை ஏற்றிச் செல்லும் பஸ்ஸுக்கு அவர்தான் டிரைவர். "இன்னாமோ ஒட்டிக்கினு கீதும்மா, போவ மாட்டேங்குது" என்பார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. அவர் கண்ணில் புரை விழுந்திருந்தது.

கண் முகாமுக்கு நான்தான் கூட்டிப்போனேன். வலது கண்ணில் புரை அதிகம், இடதில் ஆரம்பம் என்றார்கள். இன்னும் முற்றவில்லை, முற்றியதும் வந்தால் எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி தருவார்களாம். திரும்பும் வழியில் சித்தப்பா சொன்னார்: "அத போட்டுக்கினு பஸ் ஓட்ட வுடுவாங்களா? முத்தற வரைக்கும் நான் இன்னா பண்றது?" கம்பெனியில் சொல்லிவிடலாம் என்றேன். "பொறும்மா" என்றார். பிறகு எப்போது கேட்டாலும் அந்த ஒரு சொல்தான்.

அன்றிலிருந்து அவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். என் முதுகுக்குப் பின்னால் பெண்கள் கதை பேசிச் சிரிப்பார்கள். நான் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். "மாடு, சித்தப்பா." "சைக்கிள் வருது." தெரியும் என்பதுபோல் தலையசைப்பார். இறங்கிவிடலாம் என்றால், நான் இல்லாமல் அந்தப் பஸ் எப்படிப் போகும்?

ஒரு மாலை இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டும்போது எதிரே வரிசையாக லாரி விளக்குகள். பிரேக்கை அழுத்தி, வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். "வெளிச்சம் மட்டும்தான் தெரியுது. ரோடே தெரியல. இனிமே நான் ஓட்டல" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு இறங்கினார். யாரும் அவரைத் திட்டவில்லை. வேறு டிரைவர் வரும்வரை புளியமரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

சென்னையில் வேறொரு மருத்துவர், முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை, புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கலாம் என்றார். சித்தப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "அப்பறம் பஸ் ஓட்டலாமா?" கண் ஆறட்டும், மற்றக் கண்ணையும் பார்த்துச் சொல்கிறேன் என்றார் அவர். இவ்வருடம் எனக்குப் புரை எடுத்தபோது காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிட்டேன். சித்தப்பாவோ தையல் போட்ட கண்ணுடன், குனியாமல், தும்மக்கூடப் பயந்து, வாரக்கணக்கில் ஒரே அறையில் கிடந்தார்.

பார்வை திரும்பியது. பஸ் திரும்பவில்லை. கம்பெனி அவரை வாசல் கேட்டில் காவலுக்குப் போட்டது. முதல் நாள் நாங்கள் பஸ்ஸில் உள்ளே நுழைந்தபோது அவர்தான் கதவைத் திறந்துவிட்டார். இறங்கி ஓடிப்போய், "இப்ப நல்லாத் தெரியுதா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"எல்லாம் தெரியுதும்மா" என்றார். "புது டிரைவர் கியர் மாத்தறதுகூட."