கழுவு வரிசையில் என் தங்கை

என் தங்கை தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறாள் என்று சொன்னால், கேட்கிறவர்கள் உடனே ஏணியையும் நெருப்பையும் நினைத்துக்கொள்வார்கள். இதுவரை எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று கேட்பார்கள். தூக்கிக்கொண்டு வருகிறவர்களைக் குளிப்பாட்டி அனுப்புவதுதான் அவள் வேலை என்பேன். கேட்டவர் முகம் கொஞ்சம் இறங்கும். எனக்கு இறங்காது.

அமிலமோ பூச்சிமருந்தோ விஷவாயுவோ கசிந்த இடத்துக்குள் போகிற வீரர்கள், தலை முதல் கால் வரை மூடிய உடையில் போகிறார்கள். திரும்பும்போது அந்த விஷம் உடையில் ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது. அப்படியே வண்டியில் ஏறினால் வண்டி பாழ். வீட்டுக்குப் போனால் பிள்ளைகுட்டிக்கு ஆபத்து. அதனால் காற்று வீசும் பக்கம் பார்த்து, மேடான இடமாகத் தேர்ந்து, தார்ப்பாய் விரித்து, வரிசையாகத் தொட்டிகளை வைத்துக் கழுவி எடுக்க வேண்டும். அந்த வரிசைக்கு என் தங்கைதான் பொறுப்பு. அவள் கையைத் தூக்கிக் காட்டாமல் ஒருவரும் உள்ளே அடியெடுத்து வைக்கக் கூடாது. வெளியே வரும் வழி தயாராக இருந்தால்தான் உள்ளே போக அனுமதி.

"உள்ள ஓடுறதுக்கு எல்லாருக்கும் காலு துறுதுறுங்குதுண்ணே. எப்படித் திரும்பி வர்றதுன்னு யோசிக்க ஒருத்தி வேணாமா?" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

கழுவுவதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. தலையிலிருந்து கீழே. அக்குள், முழங்கை மடிப்பு, பூட்ஸின் அடி, ஜிப்பை மூடிய பட்டை, இங்கேதான் விஷம் ஒளிந்துகொள்ளுமாம். மென்மையான பிரஷ்தான், வேகமாகத் தேய்த்தால் தெறிக்கும். கழுவிய தண்ணீரை ஒரு சொட்டு சாக்கடைக்கு விடாமல் டிரம்மில் பிடிக்க வேண்டும். பிறகு உடையை உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிச் சுருட்டி இறக்க வேண்டும். முகமூடியைக் கழற்றுவது கிட்டத்தட்டக் கடைசியில். அதற்குப் பிறகு உள் கையுறை மட்டும்தான் பாக்கி. மூக்கு எவ்வளவு அரித்தாலும் சரி, அதுவரை கையைக் கொண்டுபோகக் கூடாது. மூக்கைச் சொறியப் போன மேலதிகாரி ஒருவரின் கையைப் பிரஷ் கட்டையால் தட்டிவிட்டிருக்கிறாள். அவர் நல்ல மனிதர். மறுநாள் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

நிலையத்தில் அவளுக்கு 'சோப்பு' என்று பேர். அதைச் சொல்லிச் சிரிப்பவர் வண்டி ஓட்டுகிற டிரைவர் அண்ணன். "யாருக்குமே சோப்பு போடத் தெரியாதவ, நாள் முழுக்க சோப்புலயே நிக்கிறா பாரு" என்பார்.

எங்கள் அத்தைக்கு மட்டும் இந்த வேலை பிடிக்கவில்லை. ஓடி, கயிறு ஏறி, பரீட்சை எழுதித் தேறி, கடைசியில் கழுவுகிற வேலையா என்று வீட்டுக்கு வந்து முகத்துக்கு நேரே கேட்டார். தங்கை கோபப்படவில்லை. "ஆமா அத்தை. நீங்க வந்தாலும் கழுவாம விடமாட்டேன்" என்றாள். அடுத்த தடவை வந்தபோது அத்தை, அதையும் கழுவிவிடுவாளோ என்று செருப்பை வாசலுக்கு ரொம்பத் தள்ளியே விட்டார்.

பயிற்சிக் காலத்தில் எங்கள் வீட்டையே அவள் நிலையமாக்கிவிட்டாள். சுவருக்கு அடிக்கிற நீலப் பொடியை ஒரு மழைக்கோட்டின் மேல் தூவுவாள். அதை நாங்கள் மாட்டிக்கொண்டு, நீலம் உடம்பில் படாமல் கழற்ற வேண்டும். என் மனைவி இரண்டாவது முறையிலேயே தேறிவிட்டாள். எனக்கு ஒவ்வொரு தடவையும் காதுக்குப் பின்னால் நீலம் இருக்கும். "அண்ணே, நீங்க செத்துட்டீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். அடுத்த ஆள் எங்கள் அம்மா. அம்மா கடைசிவரை செத்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் சலிக்காமல் மாட்டிக்கொண்டார்.

நான் மாவு மில்லில் மூட்டை தைக்கிற பிரிவில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவன். என் வேலைக்கும் அவள் வேலைக்கும் ஒரு சம்பந்தம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒரு நாள் பெரிய ஒத்திகை நடந்தது. பொதுமக்கள் மேல் ரசாயனம் பட்டால் என்ன செய்வது என்பதுதான் அன்றைய பாடம். ஆண்களும் பெண்களுமாகச் சிலரை அழைத்து, மேலே பொடி தூவி நிற்க வைத்தார்கள். ரசாயனம் பட்ட ஆளுக்கு முதல் மருந்தே உடையைக் கழற்றுவதுதான். உடை போனால் விஷத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும். ஆனால் அழுக்கு உடையோடு குளியல் கூடாரத்துக்குள் போனால் கூடாரமே அழுக்காகிவிடும். ஆகவே கழற்றுவது வெளியில், கூடார வாசலில். ஆண்கள் உள்ளே அணிந்திருந்த அரைக்கால் சட்டையோடு ஓடிக் குளித்துவிட்டு வந்துவிட்டார்கள். பெண்கள் உள்ளே நீச்சல் உடை போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்கள். இருந்தும் ஒருத்தி கூட மேல் பொத்தானில் கை வைக்கவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அத்தனை ஆண்கள் நிற்கிறார்கள். ஒத்திகை அத்துடன் முடிந்தது.

அன்று சாயங்காலம் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"ஒத்திகைன்னா பரவால்ல. நிஜமா ஒருத்தி வந்து இப்படி நின்னா, நான் கையில தண்ணி பைப்ப வச்சுக்கிட்டு அவ சாகுறதப் பாத்துட்டு நிக்கணுமா?"

பிறகு அவளே சொன்னாள். கழுத்திலிருந்து தரை வரை மறைக்கிற பெரிய உறை ஒன்று வேண்டும். அதற்குள் நின்று அந்தப் பெண் தானே உடையைக் கழற்ற வேண்டும். அப்படியே கூடாரத்துக்குள் நடந்து போக வேண்டும். ஆனால் உறையின் உள்பக்கமும் விஷம் பட்டிருக்கும். அதனால் அதைத் தலைவழியாக உருவக் கூடாது, முகத்தில் பட்டுவிடும். கூடாரத்துக்குள் தடித்த கையுறை போட்ட ஒரு பெண், ஒரே இழுப்பில் அதைக் கீழே விழவைக்க வேண்டும். பொத்தான் ஆகாது, ஜிப் மாட்டிக்கொள்ளும், முடிச்சைக் கையுறைக் கையால் அவிழ்க்க முடியாது.

நான் நன்றாகத்தான் தைத்தேன். மெல்லிய பிளாஸ்டிக் துணியில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். தங்கையும் என் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பார்த்தும் பிரியவில்லை. தங்கை வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணே, இது உங்க மில்லுக்கு மூட்டை இல்ல. ஊரு ஊரா போக வேண்டாம். ஒரே ஒரு தடவ உழைச்சுட்டு விழுந்தா போதும்."

அவள் மூட்டை என்று சொன்ன பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. மாவு மூட்டையின் வாயைத் தைப்பது ஒற்றை நூல் சங்கிலித் தையல். எவ்வளவு பாரத்தையும் தாங்கும். ஆனால் சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று ஒரே மூச்சில் முழுதும் பிரிந்துவிடும். தப்பான நுனியை இழுத்தால் இறுகிக்கொள்ளும். மில்லில் மேஸ்திரியிடம் கேட்டு, வேலை முடிந்த பிறகு அங்கிருந்த கைமெஷினிலேயே உறையின் இரண்டு தோள்களிலிருந்தும் கீழ்வரை சங்கிலித் தையல் போட்டேன். இரண்டு தையலின் சரியான நுனிகளையும் ஒன்றாகச் சேர்த்து, கையுறை விரல் நுழைகிற அளவுக்குச் சிவப்பு நாடாவில் வளையம் கட்டினேன்.

தங்கை வளையத்தில் விரலை விட்டு இழுத்தாள். உறை அப்படியே காலடியில் விழுந்தது. அவள் நூலை எடுத்துச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு குறை. மூட்டை அளந்தே பழகிய கை; அகலம் ரொம்பக் கூடிவிட்டது. நிலையத்தில் டிரைவர் அண்ணன் அதற்குள் புகுந்து பார்த்துவிட்டு, குடும்பத்தோடு குடியிருக்கலாம் என்றாராம். அடுத்த தடவை குறைத்துத் தைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அதற்குள் ஒரு விபத்து நடந்துவிட்டது.

அதை நான் பார்க்கவில்லை. தங்கையும் வீட்டில் வந்து சொல்கிற ரகம் இல்லை. டிரைவர் அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

பூச்சிமருந்துக் கிடங்கு ஒன்றில், சரக்கு தூக்குகிற வண்டியின் இரும்புக் கை ஒரு டிரம்மைக் குத்திவிட்டது. அருகில் நின்று லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த பெண் மேல் தோளிலிருந்து முழங்கால் வரை மருந்து கொட்டிவிட்டது. தங்கை வரிசையைப் போட்டு முடித்துக் கையைத் தூக்கினாள். இரண்டு பேர் உள்ளே போய் அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து தார்ப்பாயில் நிறுத்தினார்கள். கண்ணிலும் வாயிலும் தண்ணீராக வழிகிறது. கால் நடுங்குகிறது. மருந்து தோல் வழியாக உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஆம்புலன்ஸ் தயாராகத்தான் நின்றது; ஆனால் கழுவாத ஆளை ஏற்றினால் உள்ளே இருக்கிற நர்ஸும் சேர்ந்து விழுவார்.

கயிற்றுக்கு அப்பால் கிடங்கு ஆட்கள், அதிகாரிகள், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிலர். எல்லாரும் ஆண்கள். அந்தப் பெண் இரண்டு கையாலும் கழுத்துப் பட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தங்கை உறையைக் கொண்டு போனால் தட்டிவிடுகிறார். எத்தனை கத்தினாலும் முகமூடிக்குள்ளிருந்து வெறும் முணுமுணுப்புதான் கேட்கிறது. பலவந்தமாகக் கத்தரித்துவிடலாமா என்று நிலைய அதிகாரி சைகையில் கேட்டார். அவருக்கு அந்த அதிகாரம் உண்டு. தங்கை வேண்டாம் என்று கையை விரித்துக் காட்டினாள்.

பிறகு அவள் செய்ததை எந்தப் பயிற்சியிலும் சொல்லிக் கொடுக்கவில்லை. உறையை எடுத்துத் தன் தலை வழியாக மாட்டிக்கொண்டாள். அப்படியே அந்தப் பெண்ணை நெருங்கி, விளிம்பைத் தூக்கி அவரையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். கழுத்துத் துளையை மேலே பிடித்துக்கொண்டதால் வெளியே ஒரு மூட்டை நிற்கிறது போல மட்டும் தெரிந்ததாம். உள்ளே இரண்டு பேர்.

உள்ளே நடந்ததை அந்தப் பெண் பிறகு எங்களிடம் சொன்னார். மூச்சுக் கருவியும் தொப்பியுமாக எதிரில் வந்து நின்றது ஆண் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஒரு ஆள் தன் சட்டையை அவிழ்க்க வருகிறான், அத்தனை பேர் முன்னால். உறைக்குள் அந்த முகமூடி அவர் நெற்றியில் வந்து முட்டியது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண்ணின் கண்கள் தெரிந்தன. குரல் அப்போதுதான் குரலாகக் கேட்டது.

"நானும் பொம்பளதாம்மா. என் கண்ணப் பாருங்க. இதுக்குள்ள நம்ம ரெண்டு பேரு மட்டும்தான். நீங்க பொத்தான எடுங்க, நான் மறைச்சுக்கிறேன்."

உடைகள் ஒவ்வொன்றாகக் காலடியில் விழுந்தன. தங்கை குனிந்து வெளியே வந்து, உறையின் கழுத்தை அவர் கழுத்தில் பொருத்திக் கூடாரத்துக்குள் நடத்திப் போனாள். உள்ளே சிவப்பு வளையத்தை இழுத்தாள். அவள் கையுறை ஈரத்தில் வழவழத்தது. ஆனாலும் தையல் ஒரே இழுப்பில் பிரிந்தது. தலைமுடி, காது மடல், நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான போர்வையில் சுற்றி அந்தப் பக்கம் நர்ஸ் கையில் கொடுத்தாள். கதவு சாத்திக்கொண்டு ஆம்புலன்ஸ் கிளம்பியது.

வரிசையில் கடைசியாகக் கழுவப்படுவது கழுவுகிறவள்தான். உள்ளே போன இருவரையும் கழுவி அனுப்பிவிட்டுத் தங்கை தொட்டியில் ஏறி நின்றாள். பிரஷைக் கையில் எடுத்தது நிலைய அதிகாரி. அன்றைக்கு அவள் மூக்கைச் சொறிய நினைத்திருந்தாலும் அவர் விட்டிருக்கமாட்டார் என்று சொல்லிச் சிரித்த டிரைவர் அண்ணன், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். உடம்பு தேறியதும் கணவரோடு நிலையத்துக்கு வந்தார். நானும் அன்று புது உறைகளைக் கொடுக்கப் போயிருந்தேன். தன்னைக் கழுவியது யார் என்று அவருக்குத் தெரியாது, முகத்தையே பார்த்ததில்லையே. சீருடையில் நின்ற பெண்களையெல்லாம் மாறி மாறிப் பார்த்தார். பழைய பேன்ட்டில் நின்ற என்னையும், இவர் யார் என்பதுபோல் ஒரு தடவை பார்த்தார். தங்கை பின்பக்கத்தில் பூட்ஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தவள், நிமிராமலே சொன்னாள்:

"அந்தப் பக்கம் தரை ஈரமா இருக்கும்மா, பாத்து வாங்க."

அந்தப் பெண் அப்படியே நின்றார். பிறகு நேரே அவளிடம் போய், இரண்டு கன்னத்தையும் பிடித்து முகத்தை நிமிர்த்திக் கண்ணைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என் தங்கை அழுது நான் பார்த்தது கொஞ்சம்தான். அதில் அது ஒன்று.

அத்தையிடம் இதையெல்லாம் நான்தான் போய்ச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அதான் நான் அப்பவே சொன்னேனே, அவ கெட்டிக்காரின்னு" என்றார்.

இப்போது மில்லில் மேஸ்திரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கைமெஷினை எனக்கு விட்டுக்கொடுக்கிறார். பக்கத்து நிலையங்களிலிருந்தும் உறை கேட்கிறார்கள். அந்தப் பெண் வந்த அன்று நான் கொண்டுபோன புது உறைகளை, டிரைவர் அண்ணன் கேலி செய்தாரே என்று சரியான அளவுக்குச் சுருக்கித்தான் தைத்திருந்தேன். தங்கை ஒன்றைப் பிரித்துத் தோளில் போட்டுப் பார்த்தாள். அப்படியே மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"பழைய அளவுக்கே தச்சுக் கொடுங்கண்ணே. ரெண்டு பேரு நிக்கணும்."