இறைப்பு முறை நாளில் வந்த பொன்னாடை

வாசிகசாலைக்குக் காணி கொடுத்த அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தப் பாராளுமன்ற உறுப்பினர் வந்திருந்தார். அப்பாவைத்தான் காணவில்லை. பங்குக் கிணற்றில் அன்று தண்ணீர் இறைக்க எங்கள் முறை. மனுசன் வெங்காயத்துக்கு இறைக்கப் போய்விட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

“அப்ப நாங்கள் தோட்டத்துக்குப் போவம்,” என்றார் உறுப்பினர். விழாவுக்கு வந்த கூட்டமும் பின்னால் வந்தது.

“கொஞ்சம் பொறுங்கோ தம்பி, பாத்தி நிரம்புது,” என்றார் அப்பா.

உறுப்பினர் வேட்டியை மடித்துக் கட்டினார். மண்வெட்டியை வாங்கி, தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பிவிட்டார். பிறகு சேற்றில் நின்றபடியே பொன்னாடையைப் போர்த்தினார்.

அப்பா அதைக் கழற்றி அவருக்கே போர்த்திவிட்டார்.

“வரம்பு உடையாமல் தண்ணி மாறிப்போட்டியள். இது உங்களுக்குத்தான்!”

முதலில் கைதட்டியது நான்தான்.