எதுகை செய்த காரியம்

போன ஞாயிறு விவேக் நகரில் ஜோசப் வீட்டுக்குப் போயிருந்தேன். என் பழைய ஆபீஸ் நண்பன். பக்கவாதம் வந்ததிலிருந்து, நாம் பேசுவது புரியும். பதில் சொல்லத்தான் வார்த்தை கிடைக்காது. மனைவி ஸ்டெல்லாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பல மாதங்கள் ஆகின்றன.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்திருந்தாள் சைத்ரா. கன்னடப் பெண், தமிழ் சரளம். கதவுப் படத்தைக் காட்டி, முடிவில் ஓசை ஒத்த சொற்களை எடுத்துக் கொடுத்தாள்.

"இரவு... உறவு... இது என்ன சார்?"

ஊஹும்.

அடுத்து ஸ்டெல்லாவையே காட்டினாள். "இவங்க பேரு?"

ஜோசப்பின் உதடு துடித்தது.

"சொல்லுங்க... என் பேரைச் சொல்லுங்களேன்," என்று கெஞ்சினாள் ஸ்டெல்லா.

"சொல்லு..." என்றான் அவன். அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறான், பாவம் என்று நினைத்தேன்.

"சொல்லு... செல்ல... செல்லம்..." நெற்றியெல்லாம் வியர்வை. "ஸ்டெ... ஸ்டெல்லா!"

யாரோ அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டதுபோல, "என்னங்க?" என்றாள் ஸ்டெல்லா. அப்புறம்தான் அழுதாள்.

சொல்லு, செல்லம், ஸ்டெல்லா... முதல் எழுத்து ஒன்றா? இல்லை. கடைசி? அதுவும் இல்லை. நடுவில் இருக்கும் 'ல்' மட்டும்தான். இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது என்று மார்க்குக்காக மனப்பாடம் செய்தோமே, எதுகை – அதேதான்! ஸ்டெல்லாவில் 'ல்' மூன்றாம் எழுத்தாயிற்றே என்று தமிழாசிரியர்கள் சண்டைக்கு வரலாம். ஜோசப்பின் காது எழுத்தை எண்ணவில்லையே!

"எங்க கன்னடத்துல ஆதிப்ராசம்னா இதுதான் சார். ரெண்டாவது அட்சரம்தான் சேரணும்," என்றாள் சைத்ரா. "எல்லாருக்கும் இது ஒத்துவரும்னு சொல்ல மாட்டேன். இவருக்கு வருது பாருங்க."

மறுபடி கதவுப் படம். நான் எடுத்துக் கொடுத்தேன்: "மெதுவா..."

"மெதுவா... கத... கதவு!"

'து'வுக்கும் 'த'வுக்கும் எதுகையா? உண்டு. வருக்க எதுகை என்று அதற்கும் இலக்கணத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். நமக்குள் சொற்கள் எப்படிக் கைகோத்து நிற்கின்றன என்பதை, அந்தக் காலத்தில் வெறும் காதை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்களோ?

கிளம்பும்போது ஆசையாக, "நான் யாருடா?" என்று கேட்டேன். விழித்தான்.

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள்: "கஷ்டம்..."

"விஷ்ணு!"

இவ்வளவு வேகமாக வந்திருக்க வேண்டாம்.