சைவத் தலையில் பன்றிப்புழு

முதல் வலிப்பு வந்தபோது சாலைக் கடைத்தெருவே சிரித்தது. எனக்குப் பயறு மொத்தக் கடைதான் என்றாலும் நிஜமான தொழில் கோமாளித்தனம். அன்று கடை வாசலில் குடித்துவிட்டு வரும் போலீஸ்காரனை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே விழுந்து கைகால் வெட்டி இழுக்கக் கிடந்தேன். என்னமா நடிக்கான் என்று கைதட்டினார்களாம். நுரை தள்ளிய பிறகுதான் ஒருவர் சாவிக்கொத்தைத் தேடியிருக்கிறார்.

மறுபடியும் வந்ததும் மனைவி சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். அவள் பயம் எனக்காக மட்டுமல்ல. மகளுக்குக் கோட்டாற்றில் சம்பந்தம் நிச்சயமாகியிருந்தது. வலிப்பு வம்சத்தில் ஓடும் என்பது எங்கள் ஆட்களின் தீர்ப்பு. அப்பனுக்கு வந்தால் பெண்ணுக்கும் வரும். அந்தப் பெண்ணை யார் எடுப்பார்?

டாக்டர் சீமையில் படித்த மலையாளி. நான் பயறைத் தடவிப் பார்ப்பதுபோல என் கையையும் மார்பையும் தடவினார். தோலுக்கடியில் உளுந்தளவு கட்டிகள் உருண்டன. ஒன்றைக் கீறி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"பன்னி எறச்சி கழிக்கிறதுண்டோ?"

"நாங்க சைவப் பிள்ளமாரு. முட்டைன்னு சொன்னாலே வாயக் கொப்புளிப்போம்."

அவர் சிரிக்கவில்லை. என்னையும் பார்க்கச் சொன்னார். பூவிதழ் மாதிரி வட்டமாகச் சின்னச் சின்னக் கொக்கிகள்.

"இது பன்னியில உள்ள புழு. மண்டைக்குள்ளயும் கிடக்கு. அதாணு வலிப்பு. சீமையில பட்டாளக்காரங்களுக்குப் பார்த்திருக்கேன். இங்க நீங்கதான் ஆத்யம்."

"தின்னாம எப்படி டாக்டர்?"

"தின்னவன் வயித்துல புழு வளரும். அவன் வெளிக்குப் போன தோட்டத்துக் கீரை, கை கழுகாம தொட்ட பண்டம், அது வழியா புழுவோட முட்டை உங்க வயித்துக்கு வரும். உங்க குத்தம் இல்ல. வம்சத்துல வர்றதும் இல்ல. பேடிக்கண்டா, பயப்படாதீங்க."

புழுவைக் கொல்ல இன்னும் மருந்து வரவில்லை, அதுவாகச் சாகவேண்டும், அதுவரை வலிப்பை அடக்கலாம் என்று மாத்திரை தந்தார். அதைப் போட்டால் என் நகைச்சுவைக்கு நானே தூங்கிவிடுவேன்.

சம்பந்தி சேதி கேட்டு வந்துவிட்டார். காப்பியைத் தொடவில்லை.

"வலிப்பாமே வே. உம்ம அப்பாவுக்கு உண்டா?"

"எங்க வீட்டுல யாருக்கும் கிடையாது. இது புழு. பன்னிப்புழு." டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன்.

"பன்னி தின்னாம பன்னிப்புழு வருமா? வம்சத்து வலிப்ப மறைக்க டாக்டரும் நீரும் சேந்து கத விடுதியளோ?"

கதவுக்குப் பின்னால் மகள் நின்றிருந்தாள். ஆயுள் முழுக்கப் பொய் சொல்லிப் பிழைத்தவன் அன்றுதான் உண்மை சொன்னேன், செல்லுபடியாகவில்லை.

"தின்னேன்," என்றேன். "ஒரு தடவ. கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போன எடத்துல."

 அவர் காப்பியை எடுத்துக் குடித்தார்.

"தீட்டுக்குப் பரிகாரம் உண்டு வே. ரத்தத்துக்கு ஏது?"

கல்யாணம் நடக்கும், ஆனால் நான் மணையில் உட்காரக் கூடாது. என் தம்பியும் அவன் மனைவியும் தாரை வார்க்கட்டும் என்றார். ஒப்புக்கொண்டேன். அவர் படியிறங்கியதும் மனைவி வந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா? நீங்க இல்லாம நானும்லா மணையில உக்கார முடியாது."

அது எனக்குத் தோன்றவேயில்லை.

முகூர்த்தத்தின்போது நாங்கள் இருவரும் சமையல் நடக்கும் ஆக்குப்புரைப் பக்கம் நின்றோம். மாத்திரை மயக்கத்தில் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது விழுந்தால் எல்லாம் போச்சு என்பது தவிர வேறு நினைப்பில்லை. அப்போதுதான் சம்பந்தியின் மைத்துனர் ஒருவர் நைசாக ஒட்டி நின்றார்.

"அத்தான், யாருட்டயும் சொல்ல மாட்டேன். ருசி எப்படி இருக்கும்?"

மனைவி என் முகத்தையே பார்த்தாள்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்," என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டு போனார். கெட்டிமேளம் கொட்டியது. எம்பிப் பார்த்தேன்; முதுகுகள்தான் தெரிந்தன. மனைவி என்னைவிடக் கொஞ்சம் உயரம்.

"கட்டியாச்சு," என்றாள்.