கவிழ்ந்து உட்காரும் வெள்ளைப் பூச்சி

எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் எனக்குத் தெரியும். ஆனால் விழுப்புரம் ரயிலடியில் மூட்டை தூக்கி, திண்டிவனத்துக்குப் பக்கத்தில் சொந்தமாகப் புன்செய்க் கொல்லை வாங்கினவன் எங்கள் வம்சத்திலேயே நான் ஒருவன்தான். யார் முன்னாலும் சொல்வேன். அதில் முதல் வெள்ளாமையாக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தேன். அது அழிந்தால் மறுபடியும் மூட்டைக்குத்தான் முதுகைக் கொடுக்க வேண்டும்.

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று, இருட்டினால் வெளியில் வெளிச்சமே காட்டக்கூடாதென உத்தரவு.

ஒருநாள் மத்தியானம் மழை கொட்டியது. வெயில் தாழக் கொல்லைக்குப் போனால், மண்ணுக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாகப் பூச்சிகள் கிளம்பிச் செடிமேல் உட்கார்ந்திருந்தன. கூட வந்த என் பெண்சாதியின் அண்ணன் கையைத் தட்டினார்.

"இன்னா மாப்ளே, கொல்லை பூரா பட்டாம்பூச்சி! லட்சுமியே வந்துட்டா!"

"பட்டாம்பூச்சி இல்ல மச்சான், விட்டிலு. இது முட்டை வச்சா கம்பளிப்பூச்சி பொரிஞ்சி, கொல்லைய மொட்டையடிச்சிட்டுத்தான் போவும்."

மற்ற வருஷமென்றால் வரப்பில் சருகைக் கொளுத்துவோம். விட்டில் தானாக வந்து விழும். அன்றைக்குத் தலையாரி வரப்பிலேயே வந்து நின்றுகொண்டார்.

"நெருப்பு வச்சே, உன்ன இழுத்துக்கினு போயிடுவாங்க. பாத்துக்க."

வெளிச்சம் இருக்கும்போதே கையால் பொறுக்குவதைத் தவிர வழியில்லை. களையெடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டேன். அதில் மூத்தவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பட்டாம்பூச்சிய நசுக்கினா பாவம்ணே. புள்ளகுட்டிக்காரிங்க நாங்க."

ஒன்றைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தேன். பால்வெள்ளை இறக்கை, முன்னோரத்தில் மஞ்சள் கரை, உள்ளிறக்கையில் கறுப்புப் பொட்டு, கழுத்தில் சால்வை சுற்றின மாதிரி மயிர். அழகில் பட்டாம்பூச்சிக்கு இளைத்ததில்லை. அவசரத்திலும் ஒரு கணம் மயங்கித்தான் போனேன்.

"இங்க பாருக்கா. வேலியில குந்திக்கினு கீதே, அது பட்டாம்பூச்சி. ரெக்கைய மேல தூக்கி ஒண்ணாக் கூப்பிக்கும். மீசை நுனியில குண்டு கீது பாரு. இது கூரை மாதிரி கவுத்துக்கினு குந்தும். மீசை வெறும் நூலு. வயிறும் பெருசு."

வயிற்றை லேசாக அழுத்தினேன். கசகசா மாதிரி மஞ்சள் முட்டை பிதுங்கியது.

"ஐயய்யோ, இத்தினியும் புழுவா?" என்றவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "ஏய், கூப்பிக்கினு குந்தினத விட்டுடுங்க! கவுந்து குந்தினதப் புடிங்க! ஜல்தி!"

மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்ப் பானைகளில் பூச்சிகள் விழுந்துகொண்டே இருந்தன. மச்சான் வேலியில் உட்கார்ந்திருந்த ஒன்றையே பார்த்துக்கொண்டு கையை நீட்டினார்.

"அண்ணே, அது கும்புட்டுக்கினு கீது, வுட்டுடுங்க! பொண்ணு பாக்க வந்தவராட்டம் ஒண்ணையே பாத்துக்கினு நிக்கறீங்களே!" என்றாள் மூத்தவள்.

ஒருத்திக்கும் சிரிக்க நேரமில்லை. வெளிச்சம் வேகமாக இறங்கியது. கிணற்றோரப் பாத்திகள் பாக்கி இருக்கும்போதே செடியும் தெரியவில்லை, பூச்சியும் தெரியவில்லை. மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தேன். வரப்பில் தலையாரி செருமினார். மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வாணாம் மாப்ளே. நீ உள்ள போய்ட்டா மிச்ச கொல்லைய யாரு பாக்கறது?"

தீப்பெட்டியை மடியில் செருகினேன்.

பத்துப் பதினைந்து நாளில் அந்தப் பாத்திகளில் கம்பளிப்பூச்சி காம்பைக்கூட விடவில்லை. பக்கத்துச் செடிகளுக்கு ஏறாமல் நடுவில் பள்ளம் வெட்டித் தடுத்தேன். மற்றதெல்லாம் கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. அதற்குப் பிறகு என் முதுகில் மூட்டை ஏறவில்லை.